படத்தில் தெரிந்த புகையும் தரையில் சுவாசித்த புகையும்: 2019 நவம்பர் மூட்டம் குறித்த மறுவாசிப்பு

2019 நவம்பர் முதல் வாரத்தில் சென்னையையும் அதன் தென்கரையையும் மூடிய புகைமூட்டத்துக்குப் பஞ்சாப், அரியானா வயல்களில் எரிந்த நெல்தாளே காரணம் என்ற கருத்து நிலைத்துவிட்டது. செயற்கைக்கோள் படத்தில் கங்கைச் சமவெளியிலிருந்து வங்கக்கடல்மேல் இறங்கும் சாம்பல்நிறப் பட்டையே அதன் முதன்மைச் சான்று. புகை வந்திருக்கவே முடியாது என்பது என் வாதமன்று. மணிக்கு 18 கி.மீ. வேகக் காற்று 2,000 கி.மீ.யை ஐந்து நாளுக்குள் கடக்கும். 1999இல் 'இண்டோயெக்ஸ்' ஆய்வு துணைக்கண்டத்துப் புகையை மாலத்தீவு வரை கண்டறிந்தது. என் ஐயம் வேறு: நாம் சுவாசித்தது அந்தப் புகைதான் என்பதற்கு இப்படம் சான்றாகுமா?

இத்தகைய படங்களைத் தரும் செயற்கைக்கோள் கருவியான மோடிஸ் அளந்து தருவது ஒளித்தடிப்பு. தரையிலிருந்து வான்வரை உள்ள துகள்கள் அனைத்தும் சேர்ந்து ஒளியை எவ்வளவு மறிக்கின்றன என்பதே அந்த எண். புகை இரண்டு கி.மீ. உயரத்தில் மிதந்தாலும் தெருவில் தேங்கினாலும் எண் மாறாது. மேலும், ஐப்பசி ஈரத்தில் துகள்கள் நீரை உறிஞ்சிப் பருக்கும். புதிதாக ஒரு துகளும் சேராமலே ஒளித்தடிப்பு கூடும்.

இடத்தையும் பார்ப்போம். சென்னைக்குத் தெற்கே கரையோரமுள்ள திருவிடந்தை நித்தியகல்யாணப் பெருமாள் கோயிலை நடுவாக வைத்து, மோடிஸின் வழக்கமான அளவான 10 கி.மீ. சதுரம் ஒன்றை வரைந்து பார்க்கலாம். கிழக்கில் ஏறத்தாழப் பாதி கடல்; மேற்கில் வெளிர்மணல், கிழக்குக் கடற்கரைச் சாலை, பக்கிங்காம் கால்வாய். நிலத்துக்கு ஒரு கணக்குமுறை, கடலுக்கு வேறொன்று. கலங்கிய கரைநீரும் பளிச்சிடும் மணலும் இரண்டையுமே பிழைபட வைக்கும். பட்டை நம் கரையைத் தொடுவதாகக் கூறப்படும் இடமே அளவீடு மிகவும் நலிந்த இடம்.

நேரமும் கவனத்துக்குரியது. மோடிஸைச் சுமந்த இரு செயற்கைக்கோள்களில் டெர்ரா 2019இல் காலை 10.30 மணியளவிலும் அக்வா பிற்பகல் 1.30 மணியளவிலும் கடந்து சென்றன. காற்று ஓய்ந்த நாட்களில் தரைப்புகை இரவிலும் விடியலிலும்தான் அடரும். கடலை நோக்கி வீசும் நிலக்காற்று குப்பை எரிப்பின் நெடியையும் வாகனப் புகையையும் கரைக்குக் கொண்டுவரும். பகல்வெளிச்சத்தை நம்பும் இக்கருவி அந்த வேளையைப் பார்ப்பதே இல்லை.

காற்றின் பின்னோக்குப் பாதைக் கணிப்பு இக்குறையை நிரப்பும் என்பர். அது காற்று வந்த வழியைச் சொல்லும். அது சுமந்து வந்ததைச் சொல்லாது. செயற்கைக்கோள்கள் தரும் புற ஊதாத் துகள் குறியீடும் தரையை ஒட்டிய புகையை அரிதாகவே உணரும். உயரத்தைப் பிரித்தறிந்த காலிப்சோ செயற்கைக்கோளின் லேசரோ அதே தடத்துக்குத் திரும்பப் பல நாள் எடுத்தது.

ஆகவே, வடக்கின் புகைக்கு இதில் பங்கு இருந்திருக்கலாம். பெரும்பங்கு உள்ளூர்ப் புகையுடையது என்பதே என் துணிபு. கோவளத்துக்கும் கல்பாக்கத்துக்கும் இடையே இரவிலும் உயரவாரியாக அளக்கும் தரைநிலை லேசர் கருவியைக் கொண்டே இதை முடிவு செய்ய இயலும். அதுவரை, ஒரு பகற்படத்தைக் காட்டிப் பஞ்சாப் உழவரைக் குற்றவாளியாக்கி நம் ஊர்க் குப்பைத்தீயை விடுவிப்பது ஆய்வு நெறியாகாது.