லாரி உடம்பும் எர்த்தும்: அமெரிக்க சிபி ரேடியோவின் பழுது வரலாறு

அமெரிக்காவில் சிபி ரேடியோ என்று அழைக்கப்படும் குடிமக்கள் வானொலி, 27 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசைக்கு வந்தது 1958 செப்டம்பரில். அதற்கு முன் பொதுமக்களுக்கு ஒதுக்கப்பட்டிருந்த இடம் 460 மெகாஹெர்ட்ஸுக்கு மேலே இருந்தது. அந்த உயரத்தில் வேலை செய்யும் கருவியை அன்றைய வால்வுகளைக் கொண்டு மலிவாகச் செய்ய முடியவில்லை. எனவே தகவல் தொடர்பு ஆணையமான எஃப்.சி.சி., அமெச்சூர் வானொலிக்காரர்களிடமிருந்த 11 மீட்டர் அலைவரிசையை எடுத்து, 23 சானல்களாகப் பிரித்துச் சிறுதொழில் செய்பவர்களுக்கும் குடும்பங்களுக்கும் கொடுத்தது. ஏ.எம். முறையில் அனுப்பும் திறனுக்கு இன்றுள்ள வரம்பு 4 வாட்.

11 மீட்டர் என்ற அந்த எண்தான் பின்னால் லாரிக்காரர்கள் பட்ட பாட்டுக்கெல்லாம் வேர். அலைநீளத்தில் கால் பங்கு சுமார் 2.75 மீட்டர், அதாவது ஒன்பது அடி. ஒன்பதடிக் கம்பியை வண்டியில் நிறுத்துவது கடினம்தான், ஆனால் முடியாததல்ல. கம்பியைச் சுருளாகச் சுற்றிக் கண்ணாடியிழைக் கழியில் அடக்கினால் நான்கைந்து அடியிலும் வேலை நடக்கும். கம்பி ஏரியலின் பாதிதான். மறுபாதி, அதன் அடியில் விரிந்து கிடக்க வேண்டிய உலோகப் பரப்பு. கம்பியில் ஏறும் உயர் அதிர்வெண் மின்னோட்டத்துக்கு ஈடான ஓட்டம் அந்தப் பரப்பில் ஓடியாக வேண்டும். காரின் எஃகுக் கூரை நடுவே துளையிட்டு ஏரியலை நட்டால் இது தானாகவே அமைந்துவிடும். லாரியில் அப்படி ஒரு கூரை ஏரியலுக்குக் கிடைப்பது அரிது. உயரமான கேபின் கூரையில் இன்னொரு கம்பி நின்றால் பாலத்தில் இடிக்கும். அதனால் ஏரியல் பக்கக் கண்ணாடியின் தாங்கிக்கு வந்து சேர்ந்தது; அங்கே மறுபாதி கிடைப்பது பெரும்பாடாகிவிட்டது.

முதல் பதினைந்து ஆண்டுகளில் தொல்லை வேறு வகையானது. அன்றைய வால்வு ரேடியோக்களுக்கு உயர் மின்னழுத்தம் வேண்டும். பேட்டரி மின்சாரத்தை அதிரும் தகடு ஒன்றால் வெட்டி வெட்டி உயர்த்தினார்கள். அந்தத் தகடே ஓர் இரைச்சல் மூலம். டைனமோவின் பிரஷ்களில் பறக்கும் பொறி இன்னொன்று. சில பழைய வண்டிகளில் பேட்டரியின் நேர்முனை உடம்போடு இணைக்கப்பட்டிருந்தது. அந்த வண்டிகளையும் மனதில் வைத்து, உலோகப் பெட்டியை மின்வழியிலிருந்து பிரித்து வைத்த ரேடியோக்களைச் சில நிறுவனங்கள் செய்தன. இரு வகை எர்த்துக்கும் பொருந்தும் என்ற குறிப்பு அவற்றின் கையேட்டில் இருக்கும். டிரான்சிஸ்டர் வந்ததும் அதிரும் தகடு ஒழிந்தது. டைனமோவின் இடத்துக்கு ஆல்டர்னேட்டர் வந்தது. பொறியின் கரகரப்பு போய், எஞ்சின் வேகத்தோடு ஏறி இறங்கும் ஒரு சிணுங்கல் அதன் இடத்தில் குடியேறியது.

1973 அக்டோபரில் அரபு நாடுகள் எண்ணெய் ஏற்றுமதிக்குத் தடை போட்டன. டீசல் தட்டுப்பாடு வந்தது. 1974 ஜனவரியில் நாடு முழுவதற்கும் மணிக்கு 55 மைல் என்ற வேக வரம்பு சட்டமானது. ஓடிய மைலுக்குக் கூலி வாங்கும் ஓட்டுநருக்கு இரண்டும் வயிற்றில் அடித்த செய்திகள். எந்த பங்கில் எண்ணெய் இருக்கிறது, எந்தத் திருப்பத்தில் போலீஸ் மறைந்து நிற்கிறது என்று ஒருவருக்கொருவர் சொல்ல சிபி ரேடியோ கைகொடுத்தது. 19-ஆம் சானல் நெடுஞ்சாலையின் பொது மேடையாகியது. 9-ஆம் சானல் அவசரத்துக்கு. 1975 கடைசியில் வந்த ‘கான்வாய்’ என்ற பாட்டு அடுத்த ஜனவரியில் முதலிடம் பிடித்தபோது லாரியே ஓட்டாதவர்களும் ரேடியோ வாங்கினார்கள். அன்றைய அதிபர் ஜெரால்டு ஃபோர்டின் மனைவி பெட்டி ஃபோர்டுக்குக்கூட ‘ஃபர்ஸ்ட் மாமா’ என்று ஒரு சிபி பட்டப்பெயர் இருந்தது. நெரிசல் தாங்காமல் 1977 ஜனவரி முதல் சானல்கள் 40 ஆக்கப்பட்டன. 1983-இல் உரிமம் வாங்கும் கட்டாயமே நீங்கியது.

இத்தனை ரேடியோக்களைப் பொருத்தியவர்களில் பெரும்பாலோர் ஓட்டுநர்களே. லாரி நிறுத்தங்களில் சிபி கடைகள் முளைத்ததற்குக் காரணம், விற்பனையைக் காட்டிலும் தாமே பொருத்திக் கெடுத்துக்கொண்டதைச் சரிசெய்ய வந்த கூட்டம் என்று சொன்னால் மிகையில்லை.

லாரியின் அடையாளமாகவே ஆகிவிட்ட இரட்டை ஏரியலை எடுத்துக்கொள்வோம். இரு பக்கக் கண்ணாடியிலும் ஒவ்வொன்று நின்றால், அலை பக்கவாட்டில் குறைந்து, சாலையின் முன்னும் பின்னும் கூடும் என்பது கணக்கு. அதற்கு இரண்டுக்கும் இடையே கால் அலைநீளமாவது, அதாவது ஒன்பதடி, இருப்பது நல்லது. லாரியின் அகலமோ வெகுகாலம் எட்டடி. 1982-ஆம் ஆண்டுச் சட்டம்தான் அதை எட்டரை அடியாக்கியது. கண்ணாடிகள் வெளியே நீண்டிருப்பதால் கணக்கு ஏறத்தாழ ஒப்பேறியது. பலர் இதைக் கேபினின் நிழல் விழாமல் இருக்கவும், இன்னும் பலர் அழகுக்காகவும் மாட்டினார்கள்.

இரண்டு ஏரியலுக்கும் ஒரே ரேடியோ. இரண்டு 50 ஓம் ஏரியல்களை நேரடியாகச் சேர்த்தால் ரேடியோவுக்கு 25 ஓம்தான் தெரியும். அதைத் தவிர்க்க, 75 ஓம் கேபிளில் கால் அலைநீளத் துண்டு ஒன்றை ஒவ்வொரு ஏரியலுக்கும் இட்டால், ஒவ்வொன்றும் சுமார் 112 ஓமாக உயர்ந்து, இரண்டும் சேரும்போது 56 ஓமாக வந்து நிற்கும். கேபிளுக்குள் அலை மெதுவாகவே செல்வதால் அந்தக் கால் அலைநீளத் துண்டு ஆறடிதான் வரும். டாஷ்போர்டிலிருந்து கண்ணாடிக்கு எட்டாது. ஆகவே முக்கால் அலைநீளம், 18 அடி. கடையில் விற்ற இரட்டைக் கேபிள்களின் ஒவ்வொரு கிளையும் 18 அடி இருந்ததன் காரணம் இதுதான். மிச்சம் தொங்குகிறதே என்று வெட்டிச் சுருக்கியவரின் வண்டியில் எந்தக் கணக்கும் நிற்காது. ஒரு ஏரியல் ஒடிந்தபின் இன்னொன்றை மட்டும் வைத்து அதே கேபிளில் ஓட்டியவருக்கும் அதே கதி.

இதற்கெல்லாம் அளவுகோல் எஸ்.டபிள்யூ.ஆர். மீட்டர். அனுப்பிய திறனில் எவ்வளவு ஏரியலில் இறங்காமல் திரும்பி வருகிறது என்பதை அது காட்டும். 1.5 என்றால் நூற்றுக்கு நான்கு பங்கு திரும்புகிறது. 3 என்றால் கால் பங்கு. 40-ஆம் சானலில் அளவு கூடி முதல் சானலில் குறைந்தால் ஏரியல் நீளம், மாறியிருந்தால் குட்டை. எல்லா சானலிலும் 3-ஐத் தாண்டி நின்றாலோ, ஏரியலின் நீளத்தில் குற்றமில்லை. கேபிள் எங்கோ ஒட்டியிருக்கிறது, அல்லது ஏரியலின் மறுபாதியான எர்த் இல்லை. கம்பியை வெட்டி வெட்டி வீணாக்கியவர்கள் கவனிக்கத் தவறியது இந்தக் கடைசி விதியைத்தான்.

கண்ணாடித் தாங்கி கதவில் இருக்கிறது. கதவு கீலில் தொங்குகிறது. கீலில் கிரீஸும் பெயிண்டும். கேபினோ ரப்பர் மெத்தைகளின் மேல், பிற்காலத்தில் காற்றுப் பைகளின் மேல், சேஸிஸைத் தொடாமல் உட்கார்ந்திருக்கிறது. உலோகத்துக்கும் உலோகத்துக்கும் நடுவே இத்தனை இடைவெளிகள். ஃபிரைட்லைனர் போன்றவர்கள் எடை குறைக்க அலுமினிய கேபின் செய்தார்கள். அலுமினியமும் எஃகு போல்டும் சந்திக்கும் இடத்தை வட மாநிலங்களில் குளிர்காலச் சாலையில் கொட்டும் உப்பு தின்றது. ஒயிட் நிறுவனம் 1950-களின் இறுதியிலேயே கண்ணாடியிழை கேபின் கொண்டுவந்தது. எரிபொருள் விலையை ஒட்டிக் காற்றைக் கிழிக்கும் வடிவங்கள் வந்தன. 1985-இல் கென்வொர்த் டி600 சரிந்த கண்ணாடியிழை மூக்கோடு வந்தபின் மற்றவர்களும் அந்த வழிக்குத் திரும்பினார்கள். கண்ணாடிகளும் பிளாஸ்டிக் கூடுகளுக்குள் புகுந்தன. முந்தைய தலைமுறை லாரியில் பெயிண்டைச் சுரண்டிப் பல் வாஷர் போட்டாலே தீர்ந்த பழுது, இந்தத் தலைமுறையில் சுரண்ட உலோகமே இல்லாத பழுதாகிவிட்டது.

அப்போது எல்லோருக்கும் தோன்றிய வழி, தாங்கியிலிருந்து சேஸிஸுக்கு ஒரு வயர் ஓட்டுவது. ஓம் மீட்டர் வைத்துப் பார்த்தால் சுழியம் காட்டும்; எஸ்.டபிள்யூ.ஆர். மட்டும் இறங்காது. பேட்டரி மின்சாரத்துக்கு எர்த் ஆகும் கம்பி 27 மெகாஹெர்ட்ஸுக்கும் எர்த் ஆக வேண்டும் என்று கட்டாயமில்லை. ஒன்பதடி வயரின் கடைசி முனையை உடம்பில் கட்டினால், கால் அலைநீளம் என்பதாலேயே, இந்த முனையில் அது அறுந்த கம்பிபோல நடந்துகொள்ளும். கட்டியும் கட்டாத நிலை. ஆகவே அனுபவசாலிகள் தட்டையாகப் பின்னிய செம்புப் பட்டையைக் குட்டையாக வெட்டி, தாங்கிக்கும் கதவுக்கும், கதவுக்கும் கேபினுக்கும், கேபினுக்கும் சேஸிஸுக்கும் தனித்தனியே பாலம் போட்டார்கள். உலோகமே கிடைக்காத வண்டிகளுக்கு, கேபிளின் உறையையே மறுபாதியாக்கிக்கொள்ளும் ஏரியல் தொகுதிகள் விற்பனைக்கு வந்தன. அவற்றின் ஏரியலுக்குச் சாதாரணக் கேபிளை மாட்டினால் ஓடாது.

மின் எர்த்தின் தொல்லை தனி. ரேடியோவின் எதிர்முனை வயர் டாஷ்போர்டின் ஏதோ ஒரு திருகில் மாட்டப்பட்டிருக்கும். ஏரியல் கேபிளின் உறை கண்ணாடியில் உடம்பைத் தொடும். இரண்டு இடங்களுக்கும் இடையே விளக்குகளும் மின்விசிறிகளும் இழுக்கும் மின்னோட்டத்தால் சிறு அழுத்த வேறுபாடு எழும். ஆல்டர்னேட்டரின் சிணுங்கல் அதன்மீதேறி ரேடியோவுக்குள் நுழையும். டீசல் எஞ்சினில் ஸ்பார்க் பிளக் இல்லையாதலால் கார்க்காரர்கள் தேடும் பொறி இரைச்சலை லாரியில் தேடுவது வீண். சிகரெட் லைட்டர் துளையை விட்டுவிட்டு, தடித்த இரு வயர்களை நேரே பேட்டரிக்குக் கொண்டுபோவதுதான் நிலைத்த மருந்து. இரு வயரிலும் ஃபியூஸ் வேண்டும். எதிர்முனைக்கு எதற்கு ஃபியூஸ் என்று கேட்பவர்கள் உண்டு: எஞ்சினின் எர்த் பட்டை தளர்ந்துவிட்டால், ஸ்டார்ட்டரின் நூற்றுக்கணக்கான ஆம்பியர் திரும்பிப்போக வழி தேடி ரேடியோவின் மெல்லிய வயரில் பாயும்.

இந்தப் பழுதுகளிலேயே காதை அதிகம் துளைத்தது ஊளை. அதற்கு வழி திறந்தது மைக். ஆஸ்டாடிக் நிறுவனத்தின் டி-104, 1930-களில் வந்த படிக மைக்; வால்வு ரேடியோவோடு நேரே ஒத்துப்போனது, டிரான்சிஸ்டர் ரேடியோவோடு ஒத்துப்போகவில்லை. அதன் அடிப்பகுதியில் ஒரு பெருக்கியை வைத்தார்கள். அப்படிப் பிறந்த ‘பவர் மைக்’ ஓட்டுநர்களுக்குப் பிடித்துப்போனது, குரல் கனமாகக் கேட்டதால். ஆனால் பெருக்கி குரலை மட்டும் பெருக்குவதில்லை. எர்த் இல்லாத ஏரியலிலிருந்து திரும்பிய அலை, கேபிள் உறையின் வெளிப்புறமாகக் கேபினுக்குள் வழிந்து, மைக் வயரில் ஏறும். பெருக்கியின் முதல் டிரான்சிஸ்டர் அதைக் குரலாக மாற்றும். அந்தக் குரல் மறுபடி அலையாகும். பட்டனை அழுத்தியதும் கீச்சென்று கத்தும்.

அதே ஊளை இன்னும் இரண்டு வழிகளில் வரும். தன் குரலைத் தானே கேட்பதற்காகக் கடைகளில் செய்துகொள்ளும் ‘டாக்பேக்’ மாற்றத்தால் ஸ்பீக்கரின் ஒலி மைக்குக்குள் புகுவது ஒன்று. வெளியே குழாய் ஸ்பீக்கர் மாட்டி ஒலிபெருக்கியாக்கும் பி.ஏ. நிலையில் ஜன்னலைத் திறந்து வைத்துப் பேசுவது மற்றொன்று. பிரித்தறிவது எளிது. ஒலியைக் குறைத்தால் அடங்குவது காற்றுவழி வந்த ஊளை. ஏரியலைக் கழற்றி, 50 ஓம் போலிச் சுமையை மாட்டியதும் அடங்கினால் அலைவழி வந்தது. பின்னதற்கு மைக்கின் பெருக்கத்தைத் தணிப்பது தற்காலிகத் தீர்வு. கேபிளை ரேடியோவுக்கு அருகே சில சுற்றுச் சுற்றியோ ஃபெரைட் வளையம் மாட்டியோ உறையில் வரும் ஓட்டத்தைத் தடுப்பது அடுத்தது. தாங்கியின் எர்த்தைச் சரிசெய்வதே முழுத் தீர்வு. அனுப்பும் திறனைக் கூட்ட, சட்டவிரோதமான லினியர் பெருக்கிகளை மாட்டியவர்களுக்கு இந்தத் தொல்லை பல மடங்கானது. 4 வாட்டில் தெரியாத எர்த் குறை நூறு வாட்டில் மைக்கைத் தொட்டால் சுடும் அளவுக்குப் போகும். இந்த அலைவரிசைக்கான பெருக்கிகளின் விற்பனைக்கு எஃப்.சி.சி. 1978-இல் தடை விதித்தது, விற்பனை நிற்கவில்லை.

செல்பேசி வந்தபின் கூட்டம் கலைந்தது. ஆயினும் ரேடியோவுக்கான மின்முனைகளும் ஏரியல் கேபிளும் தொழிற்சாலையிலேயே ஓட்டப்பட்ட லாரிகள் தொடர்ந்து வந்தன. அவற்றிலும் கண்ணாடிக்கூட்டுக்குள் இருக்கும் இணைப்பே முதலில் பார்க்கவேண்டிய இடம். 2021-இல் எஃப்.சி.சி. சிபியில் எஃப்.எம். முறையையும் அனுமதித்தது. எஃப்.எம்.மில் அலையின் வலிமை குரலோடு ஏறி இறங்குவதில்லை. ஆதலால் மைக் வயரில் ஏறிய அலை குரலாக மாறுவது குறைந்து, ஊளையும் குறைகிறது. திரும்பி வரும் திறனின் அளவு மட்டும் ஏ.எம்.மில் எவ்வளவோ எஃப்.எம்.மிலும் அவ்வளவே.