தலைக்கு அளவான கவசம்

கங்கைகொண்டான் என்னும் பெயரைக் கேட்டவுடன் என் நினைவுக்கு வருவது முதலாம் இராசேந்திரனின் படையே. அவ்வூர் நெடுஞ்சாலையில் இன்று விரைபவை மோட்டார் சைக்கிள்கள். சிலருடைய தலைக்கவசமோ பெட்ரோல் தொட்டியின்மேல் வீற்றிருக்கின்றது!

1935ஆம் ஆண்டு மே திங்களில், லாரன்சு என்ற பிரிட்டிஷ் போர்வீரர் மோட்டார் சைக்கிள் விபத்தில் தலையில் அடிபட்டு, ஆறு நாள் நினைவின்றிக் கிடந்து மாண்டார். கவசம் அவர் அணிந்திலர். அவருக்கு மருத்துவம் பார்த்தோருள் ஒருவரான ஹியூ கெய்ர்ன்சு, 1941இல் வெளியிட்ட ஆராய்ச்சியில் தலைக்கவசத்தின் பயனை எடுத்துக்காட்டினார். அவ்வாண்டு நவம்பரிலேயே பிரிட்டிஷ் இராணுவம் அதனைக் கட்டாயமாக்கிற்று.

மாணவர்களே, கவசம் தலைக்குப் பொருந்தவும் வேண்டும். புருவத்துக்குச் சற்று மேலே நாடாவைச் சுற்றி அளந்து வாங்குங்கள். அணிந்து அசைத்தால் நெற்றித் தோலும் உடன் அசைய வேண்டும். கவசம் மட்டும் சுழன்றால் அது பெரிது. தாடை வாரைப் பூட்டியபின் பிடரியிலிருந்து முன்னோக்கித் தள்ளிப் பாருங்கள். கழன்று வருமாயின், விலை எவ்வளவு மலிவாயினும், கடையிலேயே விட்டுவிடுங்கள்.