அலையை அளந்து எழுதிய கதை



5,000 அடிக்கு மேலே, கியா பார்ம் குளிரில் வாழும் நமக்குக் கடலலையோடு என்னங்க சம்பந்தம் என்று நீங்கள் கேட்கலாம். சம்பந்தம் உண்டு. நம் பாட்டன் பாட்டிமாரில் எத்தனையோ பேர் நாகப்பட்டினத்தில் கப்பலேறி, அலையில் தலைசுற்றிப் பினாங்கில் வந்து இறங்கியவர்கள்தாமே!

அந்தக் காலத்து மாலுமிகள் காற்றையும் கடலையும் கண்ணால் பார்த்துக் குறிப்பேட்டில் எழுதினார்கள். ஆளுக்கு ஒரு விதமாக எழுதினால் யாருக்குப் பயன்? ஆகவே 1853ஆம் ஆண்டு 10 நாடுகள் பிரஸ்ஸல்ஸ் நகரில் கூடி, ஒரே மாதிரிக் குறிப்பேடு எழுத முடிவு செய்தன. அமெரிக்கக் கடற்படை அதிகாரி மாத்தியூ மோரி அதற்கு முன்னின்றார்.

நம் தோட்டத்தையே பாருங்கள். ஒருவர் நிறுத்த கொழுந்து அவர் கூலியை மட்டுமே சொல்லும். எல்லார் கணக்கையும் கிராணி ஒரே புத்தகத்தில் வருஷக்கணக்காக எழுதினால்தான், எந்த மாதம் கொழுந்து கூடும், எப்போது குறையும் என்று தெரியும். அலைக்கணக்கும் அப்படித்தான்.

1960களில் நெதர்லாந்தில் அலை அளக்கும் மிதவை செய்தார்கள். நங்கூரமிட்ட அந்த உருண்டை அலையோடு ஏறி இறங்கும். உள்ளிருக்கும் கருவி அதை அளந்து வானொலி வழியே கரைக்குச் சொல்லும். இந்தியாவில் 1966இல் தேசியக் கடலியல் நிறுவனம் தோன்றியது. 1996இல் சென்னையில் உள்ள தேசியக் கடல் தொழில்நுட்பக் கழகம் மிதவைத் திட்டத்தை ஏற்றது. 1999இல் ஐதராபாத்தில் கடல் தகவல் சேவை மையம் அமைந்தது. நாட்டின் அலைக்கணக்குக்குப் பொதுவான ஏடு கிடைத்தது.

ஆனால் ஏட்டில் இருந்தால் போதுமா? மீனவர் காதுக்குப் போக வேண்டாமா? 1998 முதல் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் புதுச்சேரிப் பக்கத்துக் கிராமங்களில் தகவல் மையங்கள் திறந்தது. அமெரிக்கக் கடற்படை கணித்துப் பொதுவில் வெளியிட்ட அலை உயரத்தை இணையத்திலிருந்து எடுத்து, வீராம்பட்டினத்தில் ஒலிபெருக்கியில் சொன்னார்கள். அதைக் கேட்ட பிறகே படகு இறக்குவதா வேண்டாமா என்று மீனவர்கள் முடிவு செய்தார்கள்.

2004 டிசம்பர் 26. சுனாமி வந்த நாள். நம் பினாங்கு, கெடா கரைகளும் அன்று அடிபட்டன. அலை மிதவைகள் சுனாமியைக் கண்டுபிடிக்கச் செய்யப்பட்டவை அல்ல. ஆனால் சிங்கப்பூரில் வேலை செய்த நல்லவாடு இளைஞர் ஒருவர் செய்தி பார்த்து ஊருக்குப் போன் போட்டார். ஊரார் தகவல் மையத்தின் கதவை உடைத்து, “எல்லாரும் ஓடுங்க!” என்று ஒலிபெருக்கியில் கூவினார்கள். வீடும் படகும் போயின. சுமார் 3,600 உயிர் தப்பியது. அலைச்செய்திக்கு வைத்த ஒலிபெருக்கி அல்லவா அது! பிறகு 2007இல் ஐதராபாத்தில் சுனாமி எச்சரிக்கை மையமும் ஏற்பட்டது.

மாணவச் செல்வங்களே, மலையிலும் தண்ணீர் வரும். 2013 அக்டோபரில் ஓர் இரவு பெர்த்தாம் பள்ளத்தாக்கில் வந்த வெள்ளத்தில் உயிர்கள் போனதை நாம் மறக்கவில்லை. பள்ளியில் ஒரு மழைமானி வைத்து, நாள் தவறாமல் எழுதுங்கள். எழுதியதைப் பக்கத்துப் பள்ளியோடும் தோட்டத்தோடும் பகிர்ந்துகொள்ளுங்கள். பூட்டி வைத்த கணக்கு வெறும் காகிதம். ஊருக்குச் சொன்ன கணக்கே உயிர் காக்கும்.