விடை தராதோரின் கணக்கு

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது நம் முதுமொழி. சிறு மாதிரியைக் கொண்டு முழுமையை அறியும் கலையின் தத்துவம் இவ்வொரு வாக்கியத்துள் அடங்கியுள்ளது. ஆயின் இதனுள் ஒரு நிபந்தனையும் மறைந்து கிடக்கின்றது. பானை நன்கு கிளறப்பட்டிருத்தல் வேண்டும். மேற்பரப்பிலுள்ள பருக்கைகளை மட்டும் எடுத்துப் பார்ப்பவர், ஒன்றன்று, ஓராயிரத்தை எடுத்தாலும் அடியிலுள்ள சோற்றின் பதத்தை அறியார். இவ்வுண்மையை உலகிற்கு உணர்த்திய நிகழ்ச்சி ஐக்கிய அமெரிக்காவில் 1936ஆம் ஆண்டில் நடந்தது.

அந்நாட்டில் ‘லிற்றறறி டைஜெஸ்ற்’ என்னும் வார இதழ் பெரும் புகழுடன் விளங்கியது. சனாதிபதித் தேர்தல் வருந்தோறும் அது மக்களுக்கு மாதிரி வாக்குச் சீட்டுக்களை அஞ்சலில் அனுப்பி, திரும்பி வந்தவற்றை எண்ணி, வெல்பவர் யாரென முன்கூட்டியே அறிவித்து வந்தது. 1916 முதல் 1932 வரை நடந்த ஐந்து தேர்தல்களிலும் அதன் கூற்றுப் பலித்தது. 1936இல் சனாதிபதி றூஸ்வெல்ற்றை எதிர்த்து லான்டன் என்பவர் போட்டியிட்டார். இதழ் ஒரு கோடி சீட்டுக்களை அனுப்பியது. 23 இலட்சத்துக்கு மேற்பட்டவை திரும்பி வந்தன. லான்டனுக்கு 12,93,669 வாக்குகள். றூஸ்வெல்ற்றுக்கு 9,72,897 வாக்குகள். இவ்விருவருக்குங் கிடைத்தவற்றுள் நூற்றுக்கு 57 லான்டனுக்கே உரியவை. ஆனால் நவம்பர் 3ஆந் திகதி நடந்த தேர்தலில் றூஸ்வெல்ற் நூற்றுக்கு 61 அளவான வாக்குகளைப் பெற்று, 48 மாநிலங்களுள் 46இல் வென்றார். இரண்டே ஆண்டுகளில் அவ்விதழும் மறைந்தது.

பிழை எங்கே நேர்ந்தது? சீட்டுக்கள் சென்ற முகவரிகளிற் பெரும்பாலானவை தொலைபேசி விவரக் கொத்திலிருந்தும் மோட்டார் வாகனப் பதிவேட்டிலிருந்தும் பெறப்பட்டவை. பொருளாதார மந்தத்தால் நாடு நலிந்திருந்த அக்காலத்தில், இவ்விரண்டையும் உடையோர் வசதி படைத்தோரே. வேலையற்றோரும் வறியோரும் றூஸ்வெல்ற்றின் பக்கம் நின்றனர். அவர்தம் பெயர்கள் அப்பட்டியல்களில் அருகியே காணப்பட்டன. இது முதற் குறை. இதனினும் பெரிய குறை வேறொன்று. 1937இல் நடந்த ஓர் ஆய்வின் விவரங்களைப் பிற்காலத்தார் ஆராய்ந்தபோது, சீட்டுப் பெற்றவருள்ளும் றூஸ்வெல்ற்றை ஆதரித்தோரே மிகுதி என்பது புலனாயிற்று. ஆட்சியை மாற்ற விழைந்தோர் ஆர்வத்துடன் சீட்டைத் திருப்பி அனுப்பினர். மற்றையோருட் பலர் வாளாவிருந்தனர். எண்ணியவர்களோ அம்மௌனத்தைக் கணக்கிற் கொள்ளவில்லை.

அவ்வாண்டிலேயே ஜோர்ஜ் கலப் என்பவர் ஏறக்குறைய 50,000 பேரை மட்டும் வினவி, றூஸ்வெல்ற் வெல்வார் எனச் சரியாக மொழிந்தார். ஆயினும் அவர் முறையும் நிறைவானதன்று. இன்ன வயதினர் இத்தனை பேர், இன்ன வருவாயினர் இத்தனை பேர் என வகுத்து, ஆளைத் தெரிந்தெடுக்கும் பொறுப்பை வினவச் செல்வோரிடமே அவர் விட்டார். 1948இல் டியூயி வெல்வார் என அவர் கூற, வென்றவர் ட்ரூமன். யாரை வினவுவது என்பதை மனிதரின் விருப்பம் தீர்மானிக்கலாகாது, குலுக்கல் போன்ற தற்செயல் முறையே தீர்மானிக்க வேண்டும் என்னும் கொள்கை அதன்பின் வலுப்பெற்றது.

இனி, ஒருபாற் கோடிய மாதிரியைத் திருத்த வழியுண்டா? உண்டு. ஓர் ஊரில் 800 உழவரும் 200 வணிகரும் வாழ்கின்றனர் எனக் கொள்வோம். ஒரு வரியைப் பற்றி அவர்களை வினவ, 80 வணிகரும் 20 உழவரும் விடை தருகின்றனர். வணிகருள் 60 பேர், உழவருள் 5 பேர் அவ்வரியை ஆதரிக்கின்றனர். வெறுமனே கூட்டினால் ஆதரவு நூற்றுக்கு 65. ஆனால் விடை தந்த உழவர் ஒவ்வொருவரும் 40 உழவருக்காகப் பேசுகின்றார். வணிகர் ஒவ்வொருவரும் இரண்டரைப் பேருக்காகவே பேசுகின்றார். இந்நிறைகளைக் கொடுத்துக் கணக்கிட்டால் 1,000 பேரில் 350 பேரின் ஆதரவே தேறும். அஃதாவது நூற்றுக்கு 35. முடிவு தலைகீழாகின்றது.

இம்மருந்து அந்த இதழின் கையிலேயே இருந்தது என்பதே வியப்பிற்குரியது. 1932இல் யாருக்கு வாக்களித்தீர் என்றும் அது தன் சீட்டில் வினவியிருந்தது. அவ்விடைகளை 1932இன் மெய்யான முடிவுடன் ஒப்பிட்டிருந்தால், மாதிரி எப்பக்கம் சாய்ந்துள்ளது என்பது வெளிப்பட்டிருக்கும். அதற்கேற்ப நிறை கொடுத்திருந்தால் றூஸ்வெல்ற்றே வெல்வார் என்ற முடிவு கிடைத்திருக்கும் என, லோர், பிறிக் என்னும் அறிஞர் இருவர் 2017இல் வெளியிட்ட ஆய்விற் காட்டினர். இதழோ, வந்த எண்களை எவ்விதத் திருத்தமுமின்றி அப்படியே தருகின்றோம் எனக் கூறி, அதனையே நேர்மையின் அடையாளமாகக் கொண்டது. திருத்தாமை நடுநிலையன்று, அதுவும் ஒரு பக்கச் சார்பே.

எனினும், எந்நிறையும் எல்லாப் பிணியையும் தீர்க்காது. 2021இல் பேஸ்புக் வாயிலாக வாரந்தோறும் 2,50,000 அமெரிக்கரிடம் விடை பெற்ற ஓர் ஆய்வு, கொவிட் தடுப்பூசி பெற்ற வயதுவந்தோரின் தொகையை மே மாதத்தில் நூற்றுக்கு 17 அளவு மிகைப்படுத்திக் கூறிற்று. வயதுக்கும் பாலுக்கும் நிறை கொடுத்தனர்; கல்விக்கும் இனத்துக்கும் கொடுத்திலர். முறைப்படி தெரிந்த ஆயிரவரளவினரை வினவிய சிறிய ஆய்வொன்று உண்மையை நெருங்கி நின்றது. மேலும், விடை தந்த 20 உழவர் ஏனைய உழவரை ஒத்தவராய் இருந்தால் மட்டுமே நம் திருத்தம் பொருந்தும். ஓர் உழவரேனும் விடை தராவிடின், எதற்கு நிறை கொடுப்பது?

பாடசாலை, மருத்துவமனை, உணவுப் பங்கீடு ஆகியன பற்றிய முடிவுகள் இன்று எண்களைக் கொண்டே எடுக்கப்படுகின்றன. எழுத்தறியாதவரும் தொலைவில் வாழ்பவரும் கணக்கில் விடுபட்டால், அவர்க்குரிய பங்கும் விடுபடும். ஆகவே, நேயர்களே, பெருந்தொகையொன்றைக் கேட்குமிடத்து, எத்தனை பேர் விடையளித்தனர் என வினவுவதோடு அமையாது, விடை தராதோர் யாவர், அவர்க்காக யாது செய்யப்பட்டது என்றும் வினவுதல் நம் கடனாகும்.