வளையலைக் கழற்றியவர் யார்?

ஒவ்வொரு மே மாதமும் எங்கள் எடமலைப்பட்டி புதூர் டீக்கடையில் ஒரே பேச்சுதான். "பேரனை எதில் சேர்த்தீங்க? எவ்வளவு கேட்டாங்க?" என்று ஆரம்பித்து, "இவ்வளவு கொட்டிப் படிக்க வைத்து என்னத்தைக் கண்டோம்?" என்பதில் முடியும். எழுபது தாண்டிய நாங்கள் நாலைந்து பேர்தான் அந்தப் பெஞ்சில் உட்கார்ந்திருப்போம்.

இதில் கருத்துச் சொல்ல எனக்கு என்ன தகுதி என்று நீங்கள் கேட்கலாம். நான் பட்டதாரி இல்லை. காரைக்காலில் பிரெஞ்சு வழியில் படித்து, 'பிரவே' தேறியதோடு சரி. இங்கே எஸ்.எஸ்.எல்.சி. எப்படியோ, அங்கே பிரவே அப்படி. அதை வைத்தே அரசு அலுவலகத்தில் எழுத்தராகச் சேர்ந்து, ஓய்வும் பெற்று, பிள்ளைகளோடு திருச்சிக்கு வந்துவிட்டேன்.

படிப்புக்குப் பெயர்போன ஊர் இது. நாகப்பட்டினத்தில் 1844-இல் பிரெஞ்சு சேசு சபைப் பாதிரியார்கள் தொடங்கிய புனித வளனார் கல்லூரி 1883-இல் இங்கே மாறி வந்தது. 1919-இல் நேஷனல் கல்லூரி, 1923-இல் பெண்களுக்கு ஹோலி கிராஸ், 1951-இல் ஜமால் முகமதுவும் சீதாலட்சுமி ராமசுவாமியும் என்று அடுத்தடுத்து வந்தன. தெப்பக்குளம் பக்கம் போகும்போதெல்லாம் லூர்து மாதா கோவிலின் உயர்ந்த கோபுரத்தைப் பார்த்து, நான் படித்த பிரெஞ்சுப் பாடப்புத்தகப் படங்களை நினைத்துக்கொள்வேன்.

அந்த வளனார் கல்லூரியில் 1950-இல் இன்டர்மீடியட் சேர்ந்தவர் ராமேசுவரத்து அப்துல் கலாம். 1954-இல் இயற்பியல் பட்டம் வாங்கினார். கடைசி வருஷத்தில்தான் தனக்கு ஏற்றது பொறியியல் என்று தோன்றியது. சென்னை எம்.ஐ.டி.யில் இடம் கிடைத்தது. சேர்வதற்குச் சுமார் ஆயிரம் ரூபாய் வேண்டும். தகப்பனாரிடம் அவ்வளவு பணம் இல்லை. அக்கா ஜோஹரா தன் தங்க வளையல்களையும் சங்கிலியையும் அடகு வைத்துக் கொடுத்தார். சொந்தச் சம்பாத்தியத்தில்தான் அதை மீட்பேன் என்று தம்பி உறுதி எடுத்துக்கொண்டதைத் தம் சுயசரிதையில் அவரே எழுதியிருக்கிறார்.

இந்தக் கதையைக் கேட்டதும் எல்லோரும் தம்பியைத்தான் நினைப்பார்கள். எனக்கு அந்த அக்காவின் வெறுங்கைதான் நினைவுக்கு வரும். காரணத்தைக் கடைசியில் சொல்கிறேன்.

"ராமானுஜனுக்குப் பட்டமா இருந்தது?" என்று எங்கள் பெஞ்சில் ஒருவர் தவறாமல் கேட்பார். உண்மைதான். ஆனால் முழுக் கதையையும் பார்க்க வேண்டும். 1904-இல் கும்பகோணம் கல்லூரியில் உதவித்தொகையோடு சேர்ந்தவர், கணக்கைத் தவிர மற்றப் பாடங்களைக் கவனிக்காததால் அந்த உதவித்தொகையை இழந்தார். ஏழை வீட்டுக்குக் கட்டணம் சுமையானது. மறு வருஷம் வீட்டை விட்டே போய்விட்டார். 1912-இல் சென்னைத் துறைமுகத்தில் மாதம் முப்பது ரூபாய்க்கு எழுத்தர் ஆனார், என்னைப் போல. அங்கிருந்து அவரை மீட்டதும் ஒரு பல்கலைக்கழகம்தான். 1913-இல் சென்னைப் பல்கலைக்கழகம் மாதம் எழுபத்தைந்து ரூபாய் கொடுத்தது. 1916-இல் கேம்பிரிட்ஜ் பட்டமும் கொடுத்தது. ஆகவே படிப்பு வேண்டாம் என்பதற்கு அவரைச் சாட்சிக்கு அழைக்க முடியாது. பணம் இல்லாததால் படிப்பு நின்றால் என்ன ஆகும் என்பதற்குத்தான் அவர் சாட்சி.

எங்கள் காலத்தில் கல்லூரிகள் குறைவு, பட்டதாரிகளும் குறைவு. பட்டம் இருந்தால் வேலை உண்டு என்று நம்பலாம். 1980-களின் நடுவில் சுயநிதிப் பொறியியல் கல்லூரிகள் வர ஆரம்பித்தன. பிறகு பட்டதாரிகள் பெருகிய வேகத்துக்கு வேலை பெருகவில்லை. குரூப் 4 தேர்வுக்குப் பத்தாம் வகுப்புத் தேர்ச்சி போதும். இன்று அந்த வரிசையில் பி.இ. முடித்தவர்கள் நிற்கிறார்கள். நான் பள்ளிப் படிப்போடு உட்கார்ந்த நாற்காலிக்குத்தான் அவர்களும் போட்டி போடுகிறார்கள்.

பிரான்சில் அரசுப் பல்கலைக்கழகத்தில் பட்டப்படிப்புக்கு வருஷத்துக்கு இருநூறு யூரோவுக்கும் குறைவாகத்தான் கட்டணம். படிப்பின் செலவை அங்கே நாடு சுமக்கிறது. இங்கே பெரும்பாலும் வீடு சுமக்கிறது. வீட்டிலும் யாராவது ஒருவர் தலையில்தான் அது இறங்குகிறது.

என் வீட்டில் இறங்கியது என் அக்கா தலையில். அக்கா என்னைவிடக் கெட்டிக்காரி. பிரெஞ்சு டிக்டேஷனில் எனக்கு எட்டுப் பிழை வந்தால் அவளுக்கு ஒன்று வரும். இரண்டு பேரையும் படிக்க வைக்க அப்பாவால் முடியவில்லை. ஒரு நாள் அவள் பையை மாட்டிக்கொண்டு கிளம்பவில்லை. அவ்வளவுதான். நானும் ஏன் என்று கேட்கவில்லை.

மாயவரத்தில் வாழ்க்கைப்பட்ட அந்த அக்கா போன மாதம் போன் செய்தாள். அரசுப் பள்ளியில் படித்த பேத்திக்குத் திருச்சியில் பி.எஸ்சி. கிடைக்கும். பிள்ளையோ, கடன் வாங்கித் தனியார் பொறியியலில் சேர்க்கலாம் என்கிறான். "எது பெறும் தம்பி?" என்று கேட்டாள்.

எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீட்டில் பொறியியல் கிடைத்தால் கட்டணத்தை அரசே கட்டுகிறது, முதலில் அதைப் பார்க்கட்டும். 2010-இலிருந்து முதல் பட்டதாரிச் சலுகையும் இருக்கிறது. பி.எஸ்சி. என்றாலும் 2022-இல் வந்த புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் ஆயிரம் ரூபாய் அவள் கணக்குக்கே வரும். கடன் வாங்கினால், படிக்கும்போதே வட்டி ஏறும் என்பதை மறக்க வேண்டாம். வேலை கிடைக்காவிட்டாலும் தவணை வரும்.

எல்லாம் கேட்டுவிட்டு அக்கா சொன்னாள்: "சரி தம்பி. ஆனா என்னை நிறுத்தினப்போ யாரும் என்னைக் கேட்கலை. இவளையாவது ஒரு வார்த்தை கேட்டுட்டுச் சேருங்க."

பட்டம் பெறுமா பெறாதா என்று எத்தனையோ வருஷமாக அந்தப் பெஞ்சில் பேசிவிட்டோம். யார் வளையலைக் கழற்றி அது வருகிறது, கழற்றியவருக்கு என்ன ஆசை இருந்தது என்று நாங்கள் ஒரு நாளும் பேசியதில்லை.

பேத்தியைக் கேட்டோம். பி.எஸ்சி. கணக்கு என்றாள். ஜூன் மாதத்திலிருந்து எங்கள் வீட்டில் தங்கித்தான் படிக்கப்போகிறாள்.