பெட்டகத்தில் இருப்பது யாருடைய பணம்?

2022 மே 10 அன்று, அமெரிக்காவின் மிகப் பெரிய கிரிப்டோ சந்தையான காயின்பேஸ் தன் முதல் காலாண்டுக் கணக்கை வெளியிட்டது. மூன்றே மாதத்தில் 43 கோடி டாலர் நஷ்டம். எல்லோர் கண்ணும் முதலில் போனது அந்த எண்ணின் மீதுதான். ஆனால் தொழிலில் உள்ள ஆபத்துகளை விவரிக்கும் பகுதியில் புதிதாக ஒரு எச்சரிக்கை சேர்ந்திருந்தது. நிறுவனம் திவாலானால், வாடிக்கையாளர்களுக்காக அது காத்து வைத்திருக்கும் கிரிப்டோவும் திவால் சொத்தோடு சேர்த்துக் கணக்கிடப்படலாம். வாடிக்கையாளர்கள் ஈடு எதுவும் இல்லாமல் கடன் கொடுத்தவர்களின் வரிசையில் நிற்க நேரலாம். இதுதான் அதன் சாரம். அந்த மார்ச் இறுதியில் காயின்பேஸிடம் இருந்த அடுத்தவர் சொத்தின் மதிப்பு 25,600 கோடி டாலர்.

மறுநாள் பங்கு விலை ஏறக்குறைய 26 சதவீதம் சரிந்து 54 டாலரைத் தொட்டது. தலைமை நிர்வாகி பிரையன் ஆம்ஸ்ட்ராங் ட்விட்டரில் விளக்கம் சொன்னார். திவாலாகும் அபாயம் எதுவும் இல்லை, அமெரிக்கப் பங்குச் சந்தை ஆணையத்தின் புதிய வழிகாட்டுதலால்தான் அந்த வரிகளைச் சேர்த்தோம், முன்பே வாடிக்கையாளர்களிடம் இதைப் பேசாமல் விட்டது எங்கள் தவறு என்றார்.

வங்கி லாக்கரில் வைத்த நகையும், அதே வங்கியில் போட்ட வைப்புத்தொகையும் ஒன்றல்ல. வங்கி நொடித்தாலும் நகை உங்களுடையது. வைப்புத்தொகைக்கோ நீங்கள் வங்கிக்குக் கடன் கொடுத்தவர் மட்டுமே. கிரிப்டோ வாங்கியவர்கள் எல்லோரும் தங்கள் நாணயம் லாக்கரில் இருப்பதாகவே நம்பினார்கள். அந்த நம்பிக்கையைச் சட்டம் எந்த அளவுக்குத் தாங்கும் என்பது, நிறுவனம் தொடங்கிப் பத்தாண்டுகள் ஆன பிறகும், பங்குச் சந்தைக்கு வந்து ஓராண்டு கடந்த பிறகும் தெளிவாகவில்லை. காயின்பேஸின் அடுத்தடுத்த தொல்லைகள் பலவற்றுக்கும் வேர் இங்கேதான் இருக்கிறது.

ஏர்பிஎன்பியில் பொறியாளராக இருந்த ஆம்ஸ்ட்ராங்கும், கோல்ட்மேன் சாக்ஸில் வர்த்தகராக இருந்த ஃபிரெட் எர்சமும் சேர்ந்து 2012-இல் சான்பிரான்சிஸ்கோவில் தொடங்கிய நிறுவனம் இது. அன்றைக்கு பிட்காயின் வாங்குவது சாமானியருக்குக் கடினம், பாதுகாப்பாக வைத்திருப்பது அதைவிடக் கடினம். 2014 பிப்ரவரியில் டோக்கியோவின் மவுண்ட் காக்ஸ் சந்தை சுமார் 8,50,000 பிட்காயின்கள் காணாமல் போனதாகச் சொல்லித் திவாலானது. பின்னர் அவற்றில் 2,00,000 அகப்பட்டன. வாடிக்கையாளர்களுக்கு அவை திரும்பத் தொடங்கியதோ பத்தாண்டுகள் கழித்து, 2024 ஜூலையில். அந்த இடிபாட்டுக்கு நடுவே, நாங்கள் சட்டத்துக்கு உட்பட்டவர்கள் என்பதையே காயின்பேஸ் தன் முகவரியாக ஆக்கிக்கொண்டது. 2017-இல் நியூயார்க் மாநிலத்தின் கடுமையான பிட்லைசென்ஸ் உரிமத்தையும் பெற்றது.

2021 ஏப்ரல் 14 அந்த முகவரிக்குக் கிடைத்த மகுடம். நாஸ்டாக்கில் நேரடிப் பட்டியலிடல் முறையில் பங்கு அறிமுகமானது. ஆதார விலை 250 டாலர் என்று குறித்திருந்தார்கள். பங்கு 381 டாலரில் தொடங்கி 328-இல் முடிந்தது. நிறுவனத்தின் மதிப்பு சுமார் 8,600 கோடி டாலர். வழக்கமான பங்கு வெளியீட்டில் நிறுவனர்களும் பெருமுதலீட்டாளர்களும் சில மாதங்களுக்குத் தங்கள் பங்குகளை விற்க முடியாது. நேரடிப் பட்டியலிடலில் அப்படிப்பட்ட பூட்டு கட்டாயமில்லை. ஆம்ஸ்ட்ராங் மட்டும் முதல் நாளில் சுமார் 29 கோடி டாலருக்குப் பங்குகளை விற்றார். உள்விவரம் தெரிந்தவர்கள் விலை சரியும் முன் விற்றுத் தப்பினார்கள் என்று குற்றம்சாட்டி, 2023-இல் ஒரு பங்குதாரர் டெலவேர் நீதிமன்றத்துக்குப் போனார். ஆம்ஸ்ட்ராங்கும் மற்ற இயக்குநர்களும் அதை மறுத்தனர். வழக்கைத் தொடக்கத்திலேயே தள்ளுபடி செய்ய 2024-இல் நீதிமன்றம் மறுத்துவிட்டது.

2021-இல் காயின்பேஸின் லாபம் 360 கோடி டாலர். வருமானத்தின் பெரும்பகுதி, வாங்குவோரும் விற்போரும் கொடுக்கும் கட்டணம். விலை ஏறும்போது கூட்டம் வரும், இறங்கும்போது கலையும். 2022 மே மாதம் டெரா என்ற கிரிப்டோ நாணயம் வீழ்ந்ததும் கூட்டம் கலைந்தது. ஜூனில் 18 சதவீத ஊழியர்கள், சுமார் 1,100 பேர், வேலை இழந்தார்கள். ஆண்டு முடிவில் கணக்கு 260 கோடி டாலர் நஷ்டத்தைக் காட்டியது.

இங்கே வால் ஸ்ட்ரீட்டின் பழைய வரலாற்றைக் கொஞ்சம் திரும்பிப் பார்த்தே ஆக வேண்டும். நீங்கள் ஒரு தரகர் வழியாகப் பங்கு வாங்கினால், விலை பொருந்துவது பங்குச் சந்தையில். பணமும் பங்கும் கைமாறுவது தீர்வு நிறுவனத்தில். பங்கு தங்குவது காப்பகத்தில். நம்மூர் டீமேட் கணக்கும் அப்படித்தான், தரகர் மூழ்கினாலும் பங்கு என்எஸ்டிஎல், சிடிஎஸ்எல் பதிவேடுகளில் உங்கள் பெயரில் இருக்கும். இந்த ஏற்பாடு யாரோ மேசையில் உட்கார்ந்து ஒரே நாளில் வரைந்தது கிடையாது. 1929 வீழ்ச்சிக்குப் பிறகு 1934-இல் பங்குச் சந்தைச் சட்டம் வந்தது. 1960-களின் இறுதியில் காகிதப் பத்திரங்கள் மலைபோல் குவிந்து, கணக்கு முடிக்க முடியாமல் நியூயார்க் சந்தையைப் புதன்கிழமைகளில் மூட வேண்டிவந்தது. தரகு நிறுவனங்கள் பல கவிழ்ந்தன. அதன் பிறகே 1970-இல் வாடிக்கையாளரைக் காக்கும் காப்புநிதிச் சட்டமும், 1973-இல் மத்தியக் காப்பகமும் உருவாயின. ஒவ்வொரு பிரிவினைக்கும் பின்னால் பணத்தை இழந்த மனிதர்கள் இருக்கிறார்கள்.

கிரிப்டோ சந்தைகள் இந்த வேலைகளை எல்லாம் மறுபடியும் ஒரே கூரைக்குக் கீழே கொண்டுவந்தன. வாடிக்கையாளருக்கு அது வசதி, நிறுவனத்துக்கு லாபம். 2023 ஜூன் 6 அன்று பங்குச் சந்தை ஆணையம் காயின்பேஸ் மீது தொடுத்த வழக்கின் மையம் இதுவே: சந்தை, தரகர், தீர்வு நிறுவனம் என்ற மூன்று வேலைகளையும் பதிவு செய்யாமல் ஒன்றாகச் செய்கிறார்கள். அங்கே விற்பனையாகும் 13 நாணயங்களாவது சட்டப்படி முதலீட்டுப் பத்திரங்கள் என்றது ஆணையம். அதற்கு அளவுகோல், ஃபுளோரிடாவின் ஆரஞ்சுத் தோட்ட விற்பனை ஒன்றைப் பற்றி 1946-இல் உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்பு.

காயின்பேஸின் பதிலிலும் நியாயம் இருந்தது. 2021-இல் எங்கள் தொழிலை வரிவரியாகப் படித்துத்தானே பங்குச் சந்தைக்கு வர வழிவிட்டீர்கள், அப்போது குற்றமாகத் தெரியாதது இப்போது எப்படிக் குற்றம் என்று கேட்டது. 2022 ஜூலையிலேயே தெளிவான விதிகளை எழுதித் தாருங்கள் என்று மனுவும் கொடுத்திருந்தது. அந்த மனு போன அதே ஜூலை 21-ஆம் தேதி, எந்த நாணயம் அடுத்துப் பட்டியலில் சேரும் என்பதை முன்கூட்டியே தன் தம்பிக்கும் நண்பருக்கும் சொன்னதாக முன்னாள் காயின்பேஸ் மேலாளர் ஒருவர் மீது குற்றச்சாட்டு பதிவானது. கிரிப்டோ சந்தையில் உள்விவர வணிகத்துக்கான முதல் வழக்கு அது. குற்றத்தை ஒப்புக்கொண்ட அவருக்கு இரண்டு ஆண்டு சிறை.

2023 ஜனவரி 4-ஆம் தேதியும் நினைவில் வைக்கத் தக்கது. அன்று நியூயார்க் நிதிச் சேவைத் துறையுடன் காயின்பேஸ் 10 கோடி டாலருக்குச் சமரசம் செய்துகொண்டது. பாதி அபராதம், பாதி கண்காணிப்பைச் சீர்செய்வதற்கு. சந்தேகப் பரிவர்த்தனை எச்சரிக்கைகள் ஒரு லட்சத்துக்கும் மேல் பார்க்கப்படாமல் கிடந்ததை அத்துறை கண்டுபிடித்திருந்தது. அதே நாளில் நியூயார்க்கின் திவால் நீதிமன்றம் செல்சியஸ் என்ற கிரிப்டோ கடன் நிறுவனத்தின் வழக்கில் தீர்ப்பளித்தது. வட்டிக்கணக்கில் போடப்பட்ட நாணயங்கள், வாடிக்கையாளர்கள் ஒப்புக்கொண்ட விதிமுறைகளின்படி, நிறுவனத்துக்கே சொந்தம். சுமார் 6,00,000 கணக்குகள், 420 கோடி டாலர். செல்சியஸின் தொழில் வேறு, காயின்பேஸின் தொழில் வேறு என்பது உண்மைதான். ஆனாலும் எட்டு மாதங்களுக்கு முன் காயின்பேஸ் எழுதிய எச்சரிக்கை வெறும் சம்பிரதாய வரி இல்லை என்பதை அந்தத் தீர்ப்பு காட்டிவிட்டது.

பங்குச் சந்தை ஆணையத்தின் வழக்கில் 2024 மார்ச்சில் நீதிபதி கேத்தரின் போல்க் ஃபெய்லா, வாடிக்கையாளரே நாணயத்தை வைத்துக்கொள்ளும் தனிப்பட்ட வாலட் செயலி பற்றிய குற்றச்சாட்டை மட்டும் நீக்கி, மற்றவை தொடரலாம் என்றார். பிறகு அரசியல் காற்று திசை மாறியது. 2024 தேர்தலில் கிரிப்டோ ஆதரவு வேட்பாளர்களுக்காகச் செயல்பட்ட ஃபேர்ஷேக் அமைப்புக்குக் காயின்பேஸ் கோடிக்கணக்கான டாலர் கொடுத்தது. டிரம்ப் பதவியேற்பு நிதிக்கு 10 லட்சம். புதிய ஆட்சியில் ஆணையமே 2025 பிப்ரவரி 27 அன்று வழக்கைக் கைவிட்டது. வாடிக்கையாளர் சொத்தை நிறுவனத்தின் பொறுப்பாகக் கணக்கில் காட்டச் சொன்ன வழிகாட்டுதலும் அதற்கு முன்பே, ஜனவரியில் ரத்தாகியிருந்தது. காயின்பேஸ் வென்றது என்றே செய்திகள் சொன்னன. ஆனால் மூன்று வேலைகளை ஒருவரே செய்யலாமா என்ற கேள்விக்கு நீதிமன்றத்தின் இறுதி விடை கிடைக்காமலே கோப்பு மூடப்பட்டது. அது வாடிக்கையாளருக்குக் கிடைத்த வெற்றி இல்லை.

2025 மே மாதம் காயின்பேஸ் எஸ் அண்ட் பி 500 குறியீட்டில் சேர்ந்தது. அதே மாதம், வெளிநாட்டு வாடிக்கையாளர் சேவை ஊழியர்கள் சிலர் லஞ்சம் வாங்கிக்கொண்டு 69,461 பேரின் விவரங்களைக் கசியவிட்டதையும் அறிவித்தது. மிரட்டியவர்கள் கேட்ட 2 கோடி டாலரைக் கொடுக்க மறுத்து, அதே தொகையை அவர்களைப் பிடிக்க உதவுவோருக்குப் பரிசாக அறிவித்தது. இழப்பு 18 கோடி முதல் 40 கோடி டாலர் வரை ஆகலாம் என்று நிறுவனமே மதிப்பிட்டது.

பெட்டகம் யாருடையது என்ற கேள்வி நம் ஊருக்கும் வந்துவிட்டது. 2024 ஜூலையில் வாசிர்எக்ஸ் என்ற இந்தியக் கிரிப்டோ சந்தையிலிருந்து சுமார் 23 கோடி டாலர் மதிப்புள்ள நாணயங்கள் திருடப்பட்டன. அந்த இழப்பை எல்லா வாடிக்கையாளர்களும் பங்கிட்டுக்கொள்ளும் திட்டம் முன்வைக்கப்பட்டது. திருடப்படாத வகையைச் சேர்ந்த 3,532 எக்ஸ்ஆர்பி நாணயங்களை வைத்திருந்த ஒரு முதலீட்டாளர், என் சொத்தை ஏன் பங்குபோட வேண்டும் என்று கேட்டு சென்னை உயர் நீதிமன்றத்தை அணுகினார். 2025 அக்டோபரில் நீதிமன்றம் அவருக்கு இடைக்காலப் பாதுகாப்பு அளித்தது. கிரிப்டோ நாணயம் சட்டப்படி சொத்துதான், ஒருவருக்காக இன்னொருவர் அதை நம்பிக்கைப் பொறுப்பில் வைத்திருக்கவும் முடியும் என்று அந்த உத்தரவு கூறுகிறது.