முல்லைப் பெரியாறு: தண்ணீர்ச் சண்டை மொழிச் சண்டை ஆன கதை

மேற்குத் தொடர்ச்சி மலையில் பிறக்கும் பெரியாறு, மேற்கே ஓடி அரபிக்கடலில் கலக்கும் ஆறு. மதுரையின் ஆறு வைகை. மழை பொய்த்தால் அதில் மணல்தான் மிஞ்சும். 1876-78ல் வந்த தாது வருஷப் பஞ்சம், இந்தச் சமவெளிக்கு வைகை மட்டும் போதாது என்பதை உணர்த்தியது.

பெரியாற்றைக் கிழக்கே திருப்புவது பழைய யோசனை. நீண்ட பேச்சுவார்த்தைக்குப் பின் 1886 அக்டோபர் 29ல் திருவிதாங்கூர் சமஸ்தானத்துக்கும் ஆங்கில அரசுக்கும் ஒப்பந்தம் ஆனது. 8,000 ஏக்கர் நிலம், 999 வருடக் குத்தகை, ஏக்கருக்கு வருடம் 5 ரூபாய். பென்னிகுயிக் கட்டிய அணை 1895ல் திறக்கப்பட்டது. மலையைக் குடைந்த சுரங்கம் வழியே வந்த தண்ணீர் கம்பம் பள்ளத்தாக்கைக் கடந்து, வைகை வழியாக மேலூர் வரை நெல் விளைய வைத்தது.

அன்று இது இரண்டு அரசுகளுக்கு இடையிலான பேரம். தமிழன், மலையாளி என்ற பேச்சே அதில் இல்லை.

1956ல் மொழிவாரி மாநிலங்கள் பிரிந்தன. தமிழ்த் தோட்டத் தொழிலாளர்கள் நிறைந்த தேவிகுளம், பீர்மேடு தாலுகாக்களைத் தமிழகம் கேட்டது. அவை கேரளாவுக்குப் போயின. அணை கேரள மண்ணில், அதை இயக்கும் உரிமை தமிழகத்திடம் என்றானது. 1970ல் குத்தகை ஏக்கருக்கு 30 ரூபாயாக உயர்ந்தது.

1979ல் அணையின் பாதுகாப்பு பற்றி அச்சம் எழுந்ததால் நீர்மட்டம் 136 அடியாகக் குறைக்கப்பட்டது. பிறகு அணையைப் பலப்படுத்தினார்கள். 142 அடிக்கு உயர்த்தலாம் என்று 2006ல் உச்ச நீதிமன்றம் சொன்னதும், கேரளா சட்டத் திருத்தம் கொண்டுவந்து தடுத்தது. அணைக்குக் கீழே வசிப்பவனுக்கு உயிர்ப்பயம், சமவெளி விவசாயிக்குப் பயிர்ப்பயம். இரண்டு பயமும் நியாயமானவையே.

2011 டிசம்பரில் அந்தப் பயங்களுக்கு மொழி அடையாளம் ஒட்டிக்கொண்டது. இடுக்கியில் ஏலத்தோட்ட வேலைக்குப் போன தமிழ்த் தொழிலாளர்கள் மிரட்டப்பட்டு ஊர் திரும்பினார்கள். தமிழகத்தில் மலையாளிகளின் கடைகள் தாக்கப்பட்டன. எல்லைச் சாலைகள் அடைபட்டன.

2014 மே 7ல் உச்ச நீதிமன்றம் கேரளச் சட்டத்தை ரத்து செய்து, 142 அடியை உறுதி செய்தது. அந்த ஆண்டே நீர்மட்டம் அதைத் தொட்டது.

ஆனால் 2011ல் விலை கொடுத்தவர்கள் யார்? ஏலக்காய் பறித்த கூலிப் பெண்ணும், டீக்கடைக்காரரும்தான். ஒப்பந்தம் போட்டதும் அவர்கள் இல்லை, அணையின் உயரத்தைத் தீர்மானித்ததும் அவர்கள் இல்லை. பேசிய மொழி ஒன்றே அவர்கள் செய்த குற்றமாகிப் போனது.